விடுமுறைக்குள் முடிகிற கைவேலை எது?

கேள்வி இது: விடுமுறைக் காலத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கையால் செய்த பரிசு கொடுக்க ஆசை. வீட்டில் ஏழு வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளைகள், லீவு விட்டால் நாள் முழுக்க வீட்டில்தான். சாப்பாட்டு மேஜையை விட்டால் வேலை செய்ய வேறு இடம் இல்லை. குரோஷே, பின்னல், தையல் எல்லாம் ஓரளவு வரும். போன வருடம் பெரியவனுக்கு ஆரம்பித்த ஸ்வெட்டர் பாதியிலேயே பையில் கிடக்கிறது. எதைச் செய்யலாம், எப்படிச் செய்தால் முடியும்?

எது அழகு, எது சுலபம் என்று தேடாதீர்கள். எதை நடுவில் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போக முடியும் என்று பாருங்கள். விடுமுறைக் கால வீட்டில் நேரம் கிடைக்காமல் இல்லை, துண்டு துண்டாகக் கிடைக்கிறது. இங்கே இருபது நிமிடம், அங்கே அரை மணி. அதற்குள் ஒருவருக்குத் தண்ணீர் வேண்டும், வாசலில் மணி அடிக்கும், அடுப்பில் ஏதாவது கொதிக்கும். சில கைவேலைகள் இந்தத் துண்டு நேரத்தைத் தாங்கும், சில தாங்காது. கைவேலை பாதியில் நிற்பதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, துண்டு நேரத்துக்குப் பொருந்தாத வேலையைத் தேர்ந்தெடுத்ததுதான் பெரும்பாலும் காரணம்.

குரோஷேயை, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூல் பின்னுவதை, முதலில் வைக்கிறேன். எந்த நேரத்திலும் அதில் அவிழக்கூடியது ஒரே ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம். அதைக் கொஞ்சம் நீளமாக இழுத்து ஓர் ஊக்கைக் கோத்துவிட்டால் போதும், சின்னக் கை வந்து நூலைப் பிடித்து இழுத்தாலும் பிரியாது. பின்னலில் அப்படி இல்லை. நாற்பது கண்ணி என்றால் நாற்பதும் ஊசியிலேயே இருக்கும். வரிசை நடுவில் வைத்துவிட்டுப் போனால் ஊசி நழுவ வாய்ப்பு உண்டு, திரும்பி வந்து எடுக்கும்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்ற குழப்பம் வேறு. பின்னல்தான் பிடிக்கும் என்றால் நீண்ட நேரான ஊசிகளை விட்டுவிட்டு, நடுவில் கேபிள் உள்ள வட்ட ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். எழும்போது கண்ணிகளைக் கேபிளுக்குத் தள்ளிவிடலாம். தட்டையான மஃப்ளரையும் வட்ட ஊசியில் போட முடியும், ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்பிக்கொண்டால் ஆயிற்று.

எம்பிராய்டரியும் நல்ல தேர்வு. ஒவ்வொரு தையலும் தனித்தனி, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். சாதாரண எம்பிராய்டரி நூலில் ஆறு இழை சேர்ந்திருக்கும். இரண்டு அல்லது மூன்று இழையைப் பிரித்து, முழங்கை அளவுக்கு, அதாவது சுமார் 45 செ.மீ நீளம் வெட்டிக்கொண்டால் போதும். அதற்கு மேல் நீளமாக வெட்டினால் நூல் துணியில் உரசி உரசி நைந்துவிடும், சிக்கும் அதிகம். நாள்கணக்கில் எடுக்க மாட்டோம் என்று தெரிந்தால் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்திலிருந்து கழற்றி வையுங்கள். வளையத்தின் தடம் துணியில் படிந்துவிட்டால் துவைத்து இஸ்திரி போட்டாலும் லேசில் போகாது.

தையல் மெஷின் வேலை இரண்டுங்கெட்டான். தைக்கிற நேரம் குறைவு. மெஷினை எடுத்து வைத்து, துணி விரித்து, வெட்டி, மறுபடி எல்லாவற்றையும் எடுத்து வைக்கிற நேரம்தான் அதிகம். ஆகவே நாடா போட்ட துணிப்பை தைப்பதாக இருந்தால், ஒவ்வொரு பையாக ஆரம்பித்து முடிக்காதீர்கள். ஒரு மாலை முழுக்க வெட்டுவது மட்டும். எல்லாத் துண்டுகளையும் ஜோடி ஜோடியாக ஊக்கு குத்திப் பையில் போட்டு வையுங்கள். இன்னொரு நாள் எல்லாவற்றுக்கும் பக்கத் தையல். மற்றொரு நாள் எல்லாவற்றுக்கும் நாடா கோப்பது. பருத்தித் துணி என்றால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு முறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும். தைத்துக் கொடுத்த பிறகு சுருங்கினால், உள்ளே உள்ள லைனிங் சுருங்காமல் வெளித்துணி மட்டும் சுருங்கிப் பை கோணிப்போகும்.

அப்புறம், கணக்கு. இதை யாரும் போடுவதில்லை. ஒரு மஃப்ளரை எடுத்துக்கொள்வோம். 20 செ.மீ அகலம், 150 செ.மீ நீளம். நடுத்தரக் கனமுள்ள நூலில் 10 செ.மீ-க்கு 20 கண்ணி, 26 வரிசை வருகிறது என்று வையுங்கள். அகலத்துக்கு 40 கண்ணி, நீளத்துக்கு 390 வரிசை. மொத்தம் 15,600 கண்ணி. கை பழகியவர் நிமிடத்துக்கு 20 கண்ணி போட்டால் 13 மணி நேரம். நிமிடத்துக்கு 10 என்றால் 26 மணி நேரம். தினமும் அரை மணி கிடைக்கிறது என்றாலும், 26 மணி நேர வேலைக்கு ஏழு வாரத்துக்கு மேல் ஆகும். உங்கள் கையில் இருப்பதோ ஆறு வாரம், பரிசு வேண்டியது பன்னிரண்டு. இதே மஃப்ளரைப் பருமனான நூலில், 10 செ.மீ-க்கு 10 கண்ணியும் 14 வரிசையும் வருகிற மாதிரி போட்டால் 20 கண்ணி, 210 வரிசை, மொத்தம் 4,200. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வேலை. நூலின் கனத்தை மாற்றுவதால் மட்டும் வருகிற வித்தியாசம் இது, டிசைனைத் தொடவே இல்லை. ஆகவே நூல் வாங்கும்போது முதலில் கனத்தைப் பாருங்கள், நிறம் அப்புறம். நிறத்திலும் ஒரு விஷயம் உண்டு: உறையில் சாயத் தொகுதி எண் அச்சிட்டிருக்கும். ஒரே பொருளுக்கான உருண்டைகள் எல்லாவற்றிலும் அந்த எண் ஒன்றாக இருக்கட்டும். ஒரே நிறப் பெயர் இருந்தாலும் தொகுதி மாறினால் சாயல் மாறும், பகல் வெளிச்சத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

இப்படிக் கணக்குப் போட்டாலும் மனசு குறைத்துத்தான் மதிப்பிடும். இதற்கு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே பெயர் வைத்தார்கள்: திட்டமிடும்போது வரும் பிழை. 1994-ல் ரோஜர் பூலரும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தப்பாகப் போனால் என்று கற்பனை செய்தபோதுகூடக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மதிப்பீடு எதுவானாலும் அதை ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் வீட்டில் இருக்கும் வாரங்களுக்கு இரண்டு மடங்கு.

உங்கள் நேரம் ஒரு பக்கம் இருக்க, பொருளுக்கென்று தனியாக ஒரு நேரம் இருக்கிறது. காய்கிற நேரம், இறுகுகிற நேரம், பதப்படுகிற நேரம். அதை நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, ஆனால் அவசரப்படுத்தவும் முடியாது. குளிர்முறையில், அதாவது அடுப்பில் வேகவைக்காமல், செய்யும் சோப்புக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். சோயா மெழுகில் வாசனை சேர்த்த மெழுகுவர்த்தியை ஊற்றிய பிறகு ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்தால்தான் ஏற்றும்போது வாசனை சரியாக வரும். உப்பு மாவுப் பொம்மைகள் வெறும் காற்றில் காயப் பல நாளாகும், ஈரமான வானிலையில் இன்னும் கூடும். நாள்காட்டியைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, நிறையக் காத்திருக்க வேண்டியதை முதல் வாரத்திலும், காத்திருக்கவே வேண்டாததைக் கடைசி வாரத்திலும் வைப்பதுதான் ஒழுங்கான வரிசை. பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். கடைசி வாரத்தில் பதற்றத்தோடு மெழுகு உருக்குகிறவர்கள் எல்லோரும் இந்தக் கூட்டம்தான்.

மெழுகு, சோப்பு, ரெசின் (அச்சில் ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்) மூன்றும் நடுவில் எழுந்து போகவே முடியாத வேலைகள், அதனால் உங்கள் வீட்டு நிலைமையில் இவற்றைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். சோப்புக்கு காஸ்டிக் சோடா வேண்டும். அது தோலையும் கண்ணையும் அரித்துவிடும். அதை எப்போதும் தண்ணீரில்தான் கொட்ட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். நான்கு வயதுப் பிள்ளை நடமாடும் சமையலறையில் இது வேண்டாம். சோப்புதான் வேண்டும் என்றால், உருக்கி அச்சில் ஊற்றுகிற சோப்புக் கட்டி கிடைக்கிறது, காஸ்டிக் வேலை ஏற்கெனவே முடிந்த பொருள் அது. ரெசின் முழுவதும் இறுக ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும், இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி வரலாம். படங்களில் எவ்வளவு மினுமினுத்தாலும் சாப்பாட்டு மேஜையில் செய்கிற வேலை அல்ல.

மெழுகுவர்த்தியை மட்டும், இன்னொரு பெரியவர் வீட்டில் இருக்கும் இரவில், பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்யலாம். மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தப்பித்தவறி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும்: தேன்மெழுகுத் தகடுகள். தேன்கூட்டு வடிவம் பதித்த மெல்லிய தகடு, ஓரத்தில் திரியை வைத்து இறுக்கமாகச் சுருட்டினால் மெழுகுவர்த்தி தயார். அடுப்பே வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், ஏழு வயதுப் பிள்ளை செய்யும். தகடு சில்லென்று விறைப்பாக இருந்தால் மட்டும் கொஞ்ச நேரம் உள்ளங்கைச் சூட்டில் வைத்துச் சுருட்டுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும்.

வாழ்த்து அட்டைக்கு வருவோம். பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்கு அட்டையே போதும் என்பது என் எண்ணம். அதை ஒரு குறைந்த பரிசாக நினைக்க வேண்டியதில்லை. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், எல்லோருக்கும் கைப்படக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் படம் வரைந்து வாங்கி அட்டை அச்சடித்தார். அச்சிட்டு விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான் என்பார்கள். கைப்பட எழுத நேரமில்லாதவர் கண்டுபிடித்த வழியை நாம் இப்போது கையால் செய்து திருப்பி எடுத்துக்கொள்கிறோம்.

அட்டையில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் காகிதத்தின் இழை ஓட்டம். காகிதம் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படியும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்புச் சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் முதுகில் வெடிப்பு விட்டு நார் தெரியும். கனமான அட்டையில் இது கண்ணுக்கே தெரியும். தாளை மடிக்காமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மாற்றி மாற்றி லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த மடிப்புதான் இழையோடு போகும் மடிப்பு. ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடும். அப்படிப்பட்ட தாளை அப்படியே பாதியாக மடித்து ஏ5 அட்டை செய்தால், மடிப்பு இழைக்குக் குறுக்கே போகிறது. அதே தாளை முதலில் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்து ஏ6 அட்டை செய்தால், மடிப்பு இழையோடு போகிறது. ஒரு தாளுக்கு இரண்டு அட்டை, மடிப்பும் சுத்தம். 105-க்கு 148 மி.மீ வரும் அந்த அட்டை, 114-க்கு 162 மி.மீ உள்ள சி6 உறையில் கச்சிதமாக உட்காரும். உறையை முதலில் வாங்கி அதற்கு ஏற்ப அட்டை வெட்டுவதுதான் புத்திசாலித்தனம். வித்தியாசமான அளவில் அழகாக அட்டை செய்துவிட்டு உறை தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனமுள்ள தாள் போதும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டுப் பிறகு மடியுங்கள். ஒட்டுவதற்கு நீர்த்த வெள்ளைப் பசை வேண்டாம். அதில் உள்ள தண்ணீரைக் குடித்து நார் உப்பும், தாள் அலை அலையாகச் சுருங்கும். பசைக் குச்சி அல்லது டபுள் சைட் டேப் போதும். வெள்ளைப் பசைதான் இருக்கிறது என்றால் மெல்லத் தடவி, கனமான புத்தகங்களுக்கு நடுவே வைத்துக் காயவிடுங்கள்.

ஒரே மாதிரி பன்னிரண்டு வரைவது அலுப்பு. ரப்பர் அச்சு அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். பென்சில் அழிக்கிற ரப்பரில் ஓர் இலையோ நட்சத்திரமோ செதுக்கி, மைப்பட்டையில் ஒற்றி, அட்டையில் குத்துங்கள். எழுத்து செதுக்குவதாக இருந்தால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செதுக்க வேண்டும். டிரேசிங் பேப்பரில் பென்சிலால் எழுதி, அதைக் கவிழ்த்து ரப்பர்மேல் தேய்த்தால் தானாகவே திரும்பிவிடும். செதுக்குவது நீங்கள், குத்துவது பிள்ளைகள்.

பிள்ளைகள் என்றதும், பலர் செய்வது அவர்களுக்கு ஒரு முழு வேலையைக் கொடுப்பது. நான்கு வயதுக்கு முழு வேலை தாங்காது. ஒரு படியைக் கொடுங்கள். அச்சுக் குத்துவது, பொம்மைக்குள் பஞ்சு அடைப்பது, பட்டன்களை நிறவாரியாகப் பிரிப்பது, நாடாவை அடையாளம் போட்ட இடத்தில் வெட்டுவது. ஏழு வயதுக்கு மழுங்கிய முனை உள்ள பெரிய ஊசியும் ஃபெல்ட் துணியும் கொடுக்கலாம். ஃபெல்ட்டின் ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. முதலில் ஓட்டுத் தையல், பழகிய பிறகு ஓரத்தில் காஜா தையல். தையல் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும். பிள்ளை தூங்கிய பிறகு அதைப் பிரித்து நேராகத் தைத்து வைக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், காலையில் அது தெரிந்துவிடும்.

உப்பு மாவு அவர்களுக்குப் பிடித்த வேலை. இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு பொடியுப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அரை செ.மீ கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, தொங்கவிடத் துளை போட்டு, ஓவனில் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். சூடு கூடினால் உப்பிப் போகும், வெடிக்கும். ஆறிய பிறகு இரண்டு பக்கமும் வார்னிஷ் பூச வேண்டும், உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துச் சில மாதங்களில் பொம்மையை நசநசக்க வைத்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள். அவ்வளவு உப்பு நாய்க்கு விஷம், உலர்ந்த பொம்மையாக இருந்தாலும்தான்.

சூடான பசைத் துப்பாக்கியைப் பிள்ளைகள் கையில் தர வேண்டாம். குறைந்த சூட்டு வகை என்று விற்பதுகூட 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். இன்னொன்று, காகித விளக்குகளுக்குள் வைக்கிற சின்ன எல்இடி விளக்குகள். நெருப்பு இல்லை என்பதால் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் பட்டன் பேட்டரி இருக்கிறது. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் ஆழமான புண் உண்டாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிளிட்டரைப் பற்றி ஒரே வரி: வீட்டுக்குள் விடாதீர்கள், அது திரும்பிப் போகாது.

மேஜை விஷயம். விளிம்பு உயர்ந்த பெரிய ட்ரே ஒன்று வாங்குங்கள் அல்லது அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். காகித வேலை எல்லாம் அதற்குள்ளேயே. சாப்பாட்டு நேரம் வந்தால் ட்ரேயை அப்படியே தூக்கி அலமாரி மேல் வைத்துவிடலாம், எதையும் கலைக்க வேண்டாம். ஊசி வேலைகளுக்கு ஒரு வேலைக்கு ஒரு பை: நூல், ஊசி, சின்னக் கத்தரி, அளவு எழுதிய சீட்டு எல்லாம் உள்ளே. கத்தரி தேடுவதிலேயே கிடைத்த இருபது நிமிடத்தில் ஐந்து போய்விடுகிறது. சீட்டில் எந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். நினைவில் இருக்கும் என்று தோன்றும், இருக்காது. ஒரு வேலையை எடுத்து வைக்கவும் ஒழிக்கவும் ஆகிற நேரம், நடுவில் வேலை செய்யக் கிடைக்கிற நேரத்தைவிட அதிகமானால் அதை அந்த நாளுக்குத் தொடாதீர்கள். வீடு கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும், அந்த வாரங்களில் அது பரவாயில்லை. ஆனால் மேஜையை மட்டும் ஒவ்வொரு வேளையும் மீட்டுக்கொள்ளுங்கள். மேஜை போனால் சாப்பாடு ஆளுக்கொரு மூலையில் நடக்கும், பிறகு கைவேலை மேலேயே எல்லோருக்கும் எரிச்சல் வரும். கருப்பு, கருநீல நூலை இரவு விளக்கில் எடுக்காதீர்கள். கண்ணி தெரியாமல் வேகம் பாதியாகும். வெளிர் நிறங்களை இரவுக்கு ஒதுக்குங்கள்.

யாருக்கு என்ன என்பதில் எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோஷான், டான் ஏரியலி மூவரும் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓரிகாமி மடிக்கத் தெரியாதவர்களை மடிக்கச் சொல்லி, தாங்கள் மடித்ததற்கு என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். நிபுணர் மடித்ததற்கு மற்றவர்கள் கொடுப்பதாகச் சொன்ன விலைக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தங்களுடையதற்குச் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணுக்கோ அந்தத் தாள்கள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இதிலிருந்து பரிசு கொடுக்கிறவருக்கு ஒரு பாடம் இருக்கிறது: நீங்கள் அதில் பார்க்கிற மதிப்பைப் பெறுகிறவர் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இருபத்தாறு மணி நேர மஃப்ளரை, அந்த நேரம் என்னவென்று தெரிந்தவருக்கே கொடுங்கள். மற்றவர்களுக்கு அட்டை, கப்புக்கு அடியில் வைக்கிற குரோஷே வட்டங்கள், நாடா போட்ட துணிப்பை, தேன்மெழுகுவர்த்தி. அந்த ஆய்விலேயே இன்னொரு முடிவும் உண்டு: வேலையை முடிக்காமல் பாதியில் நிறுத்தினால் செய்தவருக்கே அந்தப் பற்று வருவதில்லை. அதனால்தான் பெரிதாக ஒன்றைப் பாதியில் விடுவதைவிடச் சிறியதாக நாலை முடிப்பது மேல் என்று சொல்கிறேன். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு விதம் வேண்டாம், மூன்று விதம் போதும். ஒரே பொருளின் இரண்டாவது, மூன்றாவது பிரதி எப்போதும் வேகமாக வரும்.

குழந்தைகளுக்குப் பொம்மை செய்தால், மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பட்டன் கண், மணி, ஒட்டுகிற கண் எதுவும் வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். பொம்மைகளின் பாதுகாப்புச் சோதனையில் சிறு பாகம் என்று கணக்கிடப் பயன்படும் குழாயின் விட்டம் சுமார் 3.2 செ.மீ. அதற்குள் போகிற எதுவும் சின்னக் குழந்தையின் தொண்டைக்குள்ளும் போகலாம். கம்பளியில் செய்து கொடுத்தால் எப்படித் துவைப்பது என்று சின்னச் சீட்டு எழுதிக் கட்டுங்கள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பின்னிய துணி சுருங்கித் தடிக்கும், திரும்பி வராது. துவைக்க நேரமில்லாத வீடு என்று தெரிந்தால் அக்ரிலிக் நூலே நல்லது, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி மட்டும் படக் கூடாது.

சுற்றுகிற காகிதத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. பெட்டியைச் சுற்றி அளந்து 3 செ.மீ கூட்டுங்கள், அது ஒரு பக்கம். பெட்டியின் நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள், அது இன்னொரு பக்கம். 20-க்கு 15-க்கு 8 செ.மீ பெட்டி என்றால் 49-க்கு 32 செ.மீ தாள். இதற்கு மேல் வெட்டினால் இரண்டு முனையிலும் தாள் மூட்டை கட்டிக்கொண்டு நிற்கும்.

கடைசியாக அந்த ஸ்வெட்டர். இந்த ஆறு வாரத்தில் அதைத் தொடர்ந்து போட வேண்டாம். பையனை முதலில் அளந்து பாருங்கள். ஒரு வருடத்தில் வளர்ந்திருப்பான், பழைய அளவுக்கு முடித்தால் மாட்ட முடியாது. பின்பக்கமும் முன்பக்கமும் கக்கம் வரைக்கும் வந்திருந்து, அகலம் இன்னும் போதும் என்றால், நீளத்தை மட்டும் கூட்டிக் கையில்லாத ஸ்வெட்டராக முடிக்கலாம். கை இரண்டும் மிச்சம் என்பதால் வேலை கணிசமாகக் குறையும். அதுவும் விடுமுறை முடிந்த பிறகு. அகலமே போதவில்லை என்றால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்து, கசக்காமல் பிழிந்து நிழலில் தொங்கவிடுங்கள். சுருள் பெரும்பாலும் போய்விடும். பாதி ஸ்வெட்டர் நூலில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குல்லாய் வரும், குரோஷேயில் போட்டால் அதை எந்த வரிசையிலும் கீழே வைக்கலாம்.